விறகடுப்பும் வீட்டுப் புகையும்



ஜவ்வாது மலையின் மார்கழிக் குளிரை அறிந்தவர்கள் விறகடுப்பின் அருமையையும் அறிவார்கள். ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாமைச் சோறு வேகும் அடுப்பே, இரவில் குடும்பத்தார் சூழ்ந்தமர்ந்து குளிர்காயும் கணப்பாகவும் விளங்குகிறது. மலையடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர்ப் பகுதிகளில் வாழும் நம் இல்லங்களில் எரிவாயு அடுப்பு நெடுநாட்களுக்கு முன்பே வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வாயிலாக ஏழைக் குடும்பங்கள் பலவும் இணைப்புப் பெற்றன. ஆயினும் கொல்லைப்புறத்து விறகடுப்பு மறைந்துவிடவில்லை. வெந்நீர் காய்ச்ச அது வேண்டியிருக்கிறது. சிலிண்டர் தீர்ந்த நாளில் உலை வைக்க அது வேண்டியிருக்கிறது. ஆம்பூர் பிரியாணிக்கோ விறகுத் தீயும், தம் போடுகையில் மூடிமேல் பரப்பும் தணலுமே உயிர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே விறகடுப்பை விட்டொழியுங்கள் என்று உபதேசிப்பது என் நோக்கமன்று. அதனை எரிக்கும் முறையறிந்து எரிக்கிறோமா என்பதே கேள்வி. வீட்டு அடுப்புப் புகையினால் உண்டாகும் காற்று மாசு 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்பருகே மணிக்கணக்கில் அமர்பவர் நம் தாயும் மனைவியுமே. அவர்தம் இடுப்பிலிருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாட்பட்ட மூச்சுத்திணறல் நோய் ஆகியவை இப்புகையால் விளைகின்றன. குடும்பத் தலைவர்கள் இதனை ‘அடுக்களைப் பேச்சு’ என்று ஒதுக்கிவிடுவது எனக்கு விளங்காத ஒன்று. கைப்பேசிக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்கு போதும், ஒரு புகைபோக்கி வைக்க!

புகை என்பது யாது? எரியாமல் தப்பிச் செல்லும் விறகே புகை. விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் எரியும் தன்மையுள்ள வாயுக்கள் வெளிவருகின்றன. அவற்றிற்குப் போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவை சுடராக எரியும். கிடைக்காவிடில் புகையாகிக் கண்ணைக் கரிக்கும். இறுதியில் எஞ்சுவது கரி. அதுவே தணலாகக் கனல்கிறது. ஆக, புகை மிகுந்த அடுப்பு உடலுக்கும் கேடு, விறகுக்கும் நட்டம்.

அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதற்கே நெருப்பின் வலிமையில் ஒரு பகுதி செலவாகிவிடும். எனவே விறகைப் பிளந்து, மழைபடாத கூரையின்கீழ், காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு ஆறு மாதமேனும் அடுக்கி வையுங்கள். காய்ந்த விறகின் வெட்டுமுனையில் வெடிப்புகள் தோன்றும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும். எரிகையில் முனையில் நுரை தள்ளிச் சீறினால் அவ்விறகு இன்னும் காயவில்லை எனக் கொள்க. மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் விறகு உலர்வது அரிது; ஆதலால் கோடையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கட்டைகளை அடுப்பின் வாய்நிறையத் திணிப்பது பெருந்தவறு. காற்று நுழைய வழியின்றித் தீ மூச்சுமுட்டும். இரண்டு விரல் பருமனுள்ள பிளவுகளை, அடியில் காற்றுப் புகுமாறு ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்து, முனை எரிய எரிய உள்ளே தள்ளி வந்தால் ஊதுகுழலுக்கு வேலையே இராது. பாத்திரத்தைத் தாங்கும் குமிழ்கள் ஒரு விரற்கடை உயரம் இருந்தால் போதும். மிக உயர்ந்தால் அனல் வீணாகும். மிகத் தாழ்ந்தால் புகை மிகும். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. சுற்றிலும் மண்சுவர் எழுப்பி, பக்கத்தில் கொடியடுப்பு ஒன்றும் வைத்துவிட்டால் வீணாகும் அனலில் குழம்பும் கொதித்துவிடும். பருப்பை முன்கூட்டி ஊறவைப்பதும், பானையை மூடிச் சமைப்பதும், அரைவேக்காட்டுக்கு மேல் வெந்ததும் இறக்கி வைக்கோலாலோ கம்பளியாலோ பொதிந்து வைப்பதும் நம் பாட்டிமார் அறிந்திருந்த சிக்கனங்கள்.

வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றை அடுப்பிலிடாதீர்கள். தோல் தொழில் நடக்கும் நம் ஊர்களுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் துண்டுகள் எரியும்போது அந்த உலோகம் கொடிய நச்சு வடிவம் பெறக்கூடும். அவை எரிபொருளே அல்ல.

புகைபோக்கி நம் நாட்டிற்குப் புதிதன்று. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ்.பி. ராஜு 1953-ஆம் ஆண்டிலேயே புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். 1980-களில் நடுவணரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கி 2002-இல் முடித்துக்கொண்டது. பின்னர் ஒரிசாவில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. புதிய அடுப்பு முதலாண்டில் புகையைக் குறைத்தது. அதன்பின் பயன் தேய்ந்து மறைந்துவிட்டது. வெடித்த மண்ணைப் பூசவும், கரி அடைத்த குழாயைத் துடைக்கவும் ஆளில்லை! எனவே புகைபோக்கி வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதன் கரியைத் தட்டிவிட வேண்டும். குழாய் கூரையைத் தாண்டி மேலெழ வேண்டும். படிந்த கரி தீப்பற்றும் இயல்புடையது. ஓலைக் கூரையாயின் குழாய் அதனைத் தொடவே கூடாது.

இடையில் ஒரு வேடிக்கை. இதே ஜவ்வாது மலையில் காவலூரில், தெளிந்த வானத்தை நாடி விஞ்ஞானிகள் வானாய்வகம் அமைத்தார்கள். 1986-இல் நிறுவிய பெரிய தொலைநோக்கி இன்றும் அங்கே விண்மீன்களைக் காண்கிறது. அதே மலையில் எத்தனையோ தாய்மார்களுக்குத் தம் அடுக்களைச் சுவரே புகையில் தெரிவதில்லை.

இனி, உயிரைப் பறிக்கும் செய்திக்கு வருவோம். ரமலானில் ஸஹர் நேரத்துக்கு எளிதாக மூட்டலாமென்று இரவுத் தணலைச் சாம்பலால் மூடி வைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, தணல் சட்டியை அறைக்குள் வைத்து உறங்குவோரும் உளர். தணலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தந்து உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். உதகை, கொடைக்கானல் மலைகளிலிருந்து இத்தகைய மரணச் செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். புகை தெரியவில்லையே என்று எண்ணுவதுதான் இதில் பெரிய ஏமாற்றம். யாருக்கேனும் இக்குறிகள் தோன்றினால் உடனே அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள்.

உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். மதீனாவில் இரவில் ஒரு வீடு குடும்பத்தாருடன் தீக்கிரையானபோது, நெருப்பு உங்கள் பகை, உறங்குமுன் அணையுங்கள் என்ற கருத்தில் அவர்கள் கூறினார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடும் என்பதுவரை எண்ணிச் சொன்ன எச்சரிக்கை அது! ஸஹருக்குத் தீப்பெட்டியும் உலர்ந்த சுள்ளியும் எடுத்து வைத்திருந்தால் தணலைக் காத்துவைக்கும் தேவையே இல்லை. கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் புதையுங்கள். சுட்ட மண்ணடுப்பில் குடம் நீரைக் கொட்டினால் அடுப்பு வெடிக்கும். ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பலை மறுநாள் வரை குப்பையில் கொட்ட வேண்டாம்.

சகோதரிகளே, துப்பட்டாவின் முனையைச் செருகி முடிந்துகொண்டு அடுப்பருகே செல்லுங்கள். நைலான் சேலை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சமைக்கும்போது பருத்தியே நன்று. மங்கும் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதைக் கனவிலும் செய்யாதீர்கள். ஆடையில் தீப்பிடித்தால் ஓடலாகாது. தரையில் விழுந்து உருள வேண்டும், அருகிலிருப்பவர் கனத்த கம்பளியால் போர்த்த வேண்டும்.

சுட்ட புண்ணின்மேல் மாவு, மை, பற்பசை எதனையும் பூசாதீர்கள். வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வேண்டாம். பிறகு தூய துணியால் தளர்வாக மூடி, புண் உள்ளங்கை அளவுக்கு மேற்பட்டதாயினும், குழந்தைக்கு நேர்ந்ததாயினும் 108 ஊர்தியை அழையுங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும். ஆதலால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.