தகப்பன் கடனும் தங்கை கையும்

பட்டு என்றால் ஆரணி என்பார்கள். முகூர்த்தப் பட்டைக் கண்டு பூரிப்போர், அதன் பின்னே உள்ள குழித்தறியை எட்டிப் பார்ப்பதில்லை. நாம் பார்க்கச் சொல்கிறோம், தோழர்களே!

தகப்பன் போய்விட்டான். தாயும் போய்விட்டாள். மூத்தவனுக்கு வயது 19, தங்கைக்கு 13, தம்பிக்கு 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தறி மிதித்தான்; அவள் பாவு பிணைத்தாள், தார் சுற்றினாள், அடுப்பும் மூட்டினாள். கோர்வைச் சேலையோ ஒருவர் கையால் ஆகாது. கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அண்ணன் குழியில் இறங்கினால் அந்த இன்னொரு கை யாருடையது? பள்ளிக்கூடத்திலே பேனா பிடிக்க வேண்டிய தங்கையின் கை!

அழக்கூட அவகாசம் இல்லை. பதினாறாம் நாள் கழியுமுன் பட்டு முதலாளி கணக்கைத் திறக்கிறார். "உங்கப்பன் வாங்கிய முன்பணம் இருக்கிறதே, தம்பி" என்கிறார், குழைவாகத்தான். (குழைந்து கேட்கும் கடன்தான் குரல்வளையைப் பிடிக்கும்!)

தகப்பன் கடனைச் சுமப்பது மகனின் 'புனிதக் கடமை' என்று எழுதிவைத்தது யார்? சாஸ்திரம்! அதை 2005-ல் இந்து வாரிசுரிமைத் திருத்தம் துடைத்தெறிந்தது. அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு, அந்தக் கடமையை மட்டும் காட்டி மகனை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. முன்பணத்தைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போட்டால் அது கொத்தடிமை. 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது.

ஆனால் 2016-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் திருத்தம் ஒரு சன்னலைத் திறந்துவைத்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாமாம்! தறிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

"ஆளுக்கொரு விடுதியில் சேர்த்துவிடு" என்பார்கள் உறவினர். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டமோ, காப்பகம் கடைசி வழி என்கிறது; வளர்ப்புப் பராமரிப்பிலும் உடன்பிறந்தாரைச் சேர்த்தே வைக்க முயலச் சொல்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் ரூ.2,000 என்று 2025 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு 'அன்புக்கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் அந்த 19 வயதுக்காரன்? அவனுக்கும் தாய் இல்லை, தகப்பன் இல்லை. போதாக்குறைக்கு இரண்டு பிள்ளைகள் வேறு! அவனுக்கென்றும் ஒரு தொகை ஒதுக்கக் கேட்கிறோம்.

ஆரணித் தோழர்களே, மாலைக்குச் செலவிடும் காசை மிச்சம் பிடியுங்கள். இறப்புச் சான்று, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று இவற்றோடு மூவரையும் திங்கட்கிழமை திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலாளியிடம் முன்பணக் கணக்கை எழுத்திலே கேளுங்கள். பஸ் செலவு நம்முடையது.