வெறுமையாக விடப்பட்ட பெட்டி

வாக்குச்சீட்டை விரித்துப் பார்க்கையில், ஏதோ ஒரு சின்னத்திற்கு நேரே ஏற்கெனவே புள்ளடி இடப்பட்டிருந்தால், எங்கள் காரைதீவின் எந்த மூதாட்டியும் அதனைப் பேசாமல் பெட்டியில் போட்டுவிட்டு வரமாட்டார். கணினித் திரையில் அதே காரியம் நடக்கும்போது மட்டும் நாம் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

2008 மார்ச்சில் அப்பிள் நிறுவனம், விண்டோஸ் கணினிகளில் ஐடியூன்ஸைப் புதுப்பிக்கும் சாளரத்திலே, எவரும் கேளாத சஃபாரி உலாவிக்கும் முன்கூட்டியே சரி அடையாளம் இட்டு வைத்தது. மொஸில்லாவின் அன்றைய தலைமை அதிகாரி ஜோன் லில்லி அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், பிளானட்49 என்ற ஜேர்மன் நிறுவனத்தின் வழக்கில், முன்கூட்டியே அடையாளமிடப்பட்ட பெட்டி பாவனையாளரின் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆயினும், பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டால் பழியில்லை என்று எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

தமிழரை வருத்தியது வெறுமையான பெட்டியே. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் யுனிகோட் தமிழுக்கான ஏற்பாடும் லதா எழுத்துருவும் இருந்தன. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகத்தினுள் நுழைந்து, மொழிகளுக்கான பக்கத்தைத் தேடித் திறந்து, சிக்கலான வரிவடிவங்களுக்குரிய பெட்டியில் நாமே அடையாளமிட வேண்டும். பின்னர் நிறுவல் இறுவட்டையும் இட வேண்டும். (இறுவட்டோ பெரும்பாலும் கணினியை விற்ற கடைக்காரரிடமே தங்கிவிடும்.) இதைச் செய்யாதவருக்குத் தமிழ் கட்டங்கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம்மாறியோ தெரிந்தது. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அரபு வாசிக்க விரும்பியவருக்கும் அதே பெட்டிதான்.

அந்தக் கோப்புகளுக்குத் தேவைப்பட்ட இடம் சுமார் 10 மெகாபைட். மூன்று பாட்டுகளின் அளவு. மென்பொருள் எழுதுபவருக்குப் பெட்டியின் தொடக்கநிலை ஒரே ஒரு வரி: ஆம், அல்லது இல்லை. அந்த வரியை எழுதும்போது, அப்பக்கத்தை ஒருநாளும் திறக்கப்போகாத மனிதரையே அவர் மனத்தில் இருத்தியிருக்க வேண்டும். திறக்கத் தெரிந்தவர் எப்படியும் மாற்றிக்கொள்வார்.

2007இல் விஸ்டா வந்தபோது அந்தப் பெட்டியே இல்லாமற்போயிற்று. தமிழ் தானாகவே தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், கணினிக்குத் தமிழ் தெரியாது என்று நம்பியோர் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சிட்டு வந்தனர். சங்க அறிக்கைகளும் கோயில் மலர்களும் அவ்வாறே சேமிக்கப்பட்டன. பாமினி இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறக்கின்றன. தமிழில் தேடினால் அகப்படுவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.