கண்ணுக்குத் தெரியாத ஏலக்காரர்



ஒரு நாள் மத்தியானம், சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து வாசற்படியிலேயே நின்றாள். என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அன்று முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஒரு விஷயம். நீங்க யார்கிட்டேயும் சொல்லக்கூடாது. முக்கியமா எங்க வீட்டுக்காரர்கிட்டே."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மெள்ள மெள்ள விஷயம் வெளியே வந்தது. தங்கைக்கு வளைகாப்பு. நல்லதாக ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. கைபேசியில் ஒரு விற்பனைத் தளத்தில் புடவை ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறாள். மயில்கழுத்து நிறம், அகலக் கரை. ஆரம்ப விலை 2,000 ரூபாய்.

"4,000-க்கு மேலே போகக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்தேன் அக்கா. இன்னும் மூணு பேர் விடாம ஏத்திக்கிட்டே போனாங்க. எனக்கும் ஒரு வேகம் வந்துடுச்சு. கடைசியிலே 6,800-க்கு என் பேர்லே முடிஞ்சுது."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஐந்தே நிமிஷத்தில் விற்பவனிடமிருந்து தகவல்: 'சிஸ்டர், தளம் வழியாப் பணம் கட்டினா கமிஷன் பிடிச்சுக்குவாங்க. எனக்கு நேரா அனுப்பிடுங்க, 300 ரூபாய் குறைச்சுக்கறேன்.' முந்நூறு மிச்சம் என்று 6,500 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, "பார்சல் நடுவழியில் நிற்கிறது, இன்ஷூரன்ஸுக்கு 900 கட்டுங்கள், புடவையோடு திரும்ப வரும்" என்று வேறொரு குரல். அதையும் கட்டினாள். ஒரு வாரம் கழித்து, "பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்றார்கள். அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. நிறுத்திவிட்டாள். போனது 7,400 ரூபாய். புடவையும் இல்லை, விற்றவனும் இல்லை.

"இதெல்லாம் நடந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"முதல் பணம் அனுப்பிப் பதினொரு நாள் அக்கா."

பணம் போனதைவிட அந்தப் பதினொரு நாள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், இந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

சந்தைக்கும் கைபேசிக்கும் உள்ள வித்தியாசம்

ஏலம் நமக்குப் புதிது அல்ல. மீன் ஏலம், காய்கறி மண்டி ஏலம், "ஒரு தரம், ரெண்டு தரம்" எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே! ஆனால் அங்கே பொருள் கண்ணெதிரே கிடக்கும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது மாடு வாங்குவார்களா? கைபேசி ஏலத்தில் பல்லும் தெரியாது, மாடும் தெரியாது. தெரிவதெல்லாம் படமும் நாலு வரியும்தான்.

இந்த வியாபாரத்தைப் பெரிதாக ஆரம்பித்து வைத்தது அமெரிக்காவின் ஈபே. 1995-ல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கினார். அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டு விளக்கு; 14.83 டாலருக்குப் போனது! "உடைந்தது என்று தெரியுமா?" என்று இவரே கேட்டதற்கு, "அப்படிப்பட்டவற்றைத்தான் சேர்க்கிறேன்" என்றாராம் வாங்கியவர். உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்பதும் வியாபாரம்தான். உடைந்ததை மறைத்து விற்பதுதான் மோசடி. ஈபே 2004-ல் பாசி என்ற இந்தியத் தளத்தை வாங்கி இங்கேயும் நடத்தியது. அந்த இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஏலம் மட்டும் பல வேஷங்களில் நம் கைக்குள்ளேயே வந்துவிட்டது.

விலையை ஏற்றும் கூட்டாளிகள்

நம் தங்கையோடு போட்டி போட்ட அந்த மூன்று பேரும் உண்மையான ஆட்கள்தானா? யாருக்குத் தெரியும்! விற்பவனே வேறு பெயர்களில் நுழைந்தோ, கூட்டாளிகளை விட்டோ விலையை ஏற்றுவது பழைய தந்திரம். ஒழுங்கான ஏலத் தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் நடக்கத்தான் நடக்கிறது. ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் ஒரே பெயர்கள் மறுபடி மறுபடி வந்து, எப்போதும் கடைசியில் தோற்றுப் போனால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் தோற்ற மறுநாள், "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன்" என்று தனியாகத் தகவல் வரும். அது தளத்தின் வழியாக வந்ததா என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்திருந்தால் தொடவே தொடாதீர்கள்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். ஏலம் ஆரம்பிப்பதற்கு முன்பே, அதே மாதிரிப் பொருள் கடையில் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு, தபால் செலவையும் சேர்த்து, உங்கள் உச்ச விலையை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்!

நாலு வரியை நாலு தரம் படியுங்கள்

விவரத்தில் உள்ள வார்த்தைகளில்தான் சூட்சுமம். 'ஆர்ட் சில்க்' என்றால் கலைநயமான பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது செயற்கைப் பட்டு. 'சில்க் மாதிரி', 'காஞ்சி ஸ்டைல்' என்றால் காஞ்சிபுரமும் இல்லை, பட்டும் இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். சுத்தமான பட்டு என்றால் சில்க் மார்க் அட்டை உண்டா என்று கேளுங்கள். 2004-லிருந்து இருக்கும் முத்திரை அது. ஆனால் அது பட்டு நூலுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. ஜரிகையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

புடவை வீட்டுக்கு வந்த பிறகு, ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது, இடுக்கியில் பிடித்துச் செய்யுங்கள்.

படத்தை நம்பலாமா? வேறு கடையின் படத்தை எடுத்துப் போடுவது சர்வ சாதாரணம். "உங்கள் கையால் என் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, புடவை மேல் வைத்து ஒரு படம் அனுப்புங்கள். முந்தானையின் பின்பக்கத்தையும் எடுங்கள்" என்று கேளுங்கள். கையில் சரக்கு இருப்பவருக்கு இது இரண்டு நிமிஷ வேலை. இல்லாதவர்தான் சாக்குச் சொல்வார்.

விற்பவரைப் பற்றிய பாராட்டுகளையும் அப்படியே விழுங்கக் கூடாது. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்ச் சாமான்களை ஒழுங்காக அனுப்பி நல்ல பெயர் சேர்த்துவிட்டு, பிறகு பெரிய தொகையில் கை வைப்பவர்கள் உண்டு. முதலில் குறை சொன்னவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். கணக்கு எத்தனை நாளாக இருக்கிறது, இதற்கு முன் என்ன சாமான் விற்றார் என்று பாருங்கள்.

பணம் எந்த வழியாகப் போகிறது?

சகோதரிகளே, எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால்தான், பொருள் வராவிட்டாலோ சொன்னபடி இல்லாவிட்டாலோ தளத்தைப் பிடித்துக் கேட்க முடியும். முந்நூறு ரூபாய்க்காக வெளியே போய்க் கட்டினால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றி எறிந்தது போல. 'கமிஷன் மிச்சம்' என்ற பேச்சு வந்தாலே அந்த வியாபாரம் வேண்டாம்.

இன்னொன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: யுபிஐ-யில் பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் தேவை. பணம் வாங்க எந்த எண்ணும் போட வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

பார்சல் வந்ததும் அவசரப்பட்டுக் கிழிக்காதீர்கள். வீட்டில் ஒருவரைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, விலாச ஒட்டு தெரிய, நடுவில் நிறுத்தாமல், பொருளை வெளியே எடுக்கிறவரை பதிவு செய்யுங்கள். பிறகு தகராறு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

ஏமாந்துவிட்டால்?

இப்போது அந்தப் பதினொரு நாளுக்கு வருகிறேன். மோசடி என்று தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். திருடின பணத்தை அவர்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது வெளியே எடுக்கப்படுவதற்கு முன்னால் புகார் போனால், வங்கியில் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. நேரம் போகப் போக வாய்ப்பும் போய்விடும். அதே சமயம் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பேச்சு, ரசீது, எண் எதையும் அழிக்காதீர்கள்.

மட்டமான சரக்கு, திருப்பி எடுக்க மறுப்பு போன்ற தகராறுகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு தளத்துக்கும் குறை கேட்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதிலும் நடக்காவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

"போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், அது அடுத்த மோசடி. கதவைச் சாத்துங்கள்!

அன்று சாயங்காலமே 1930-க்குப் பேசிப் புகார் பதிவு செய்தோம். ஆனால் பணம் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. திரும்பி வரவில்லை. இரவு அவள் கணவரிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அவர் திட்டவே இல்லை அக்கா. 'அன்னிக்கே என்கிட்டே சொல்லியிருக்கலாமே'ன்னு மட்டும் சொன்னார்" என்றாள்.

பார்த்தீர்களா? வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றினவன். நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவனுக்குத்தான் லாபம். அந்த இரண்டு எண்களையும் இப்போதே காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தங்கையின் வளைகாப்புக்கு உள்ளூர்க் கடையிலேயே ஒரு பருத்திப் புடவை எடுத்தோம். நன்றாகத் தொட்டுப் பார்த்து, பிரித்துப் பார்த்து, பேரம் பேசித்தான்!

அடுத்த இதழில் சந்திப்போம்.