ஹெர்னியா: ஓட்டையா, கத்தியா?

"எங்கப்பாவுக்கு ஹெர்னியா, டாக்டர். கிழிக்கிற ஆபரேஷன் வேண்டாம். மூணு ஓட்டை போட்டு, லேப்ராஸ்கோப்பியில பண்ணிடுங்க. செலவைப் பத்திக் கவலையில்லை!"

அப்பாவுக்கு வயது 75. ஏற்கெனவே இதய நோயாளி. அவருக்கு எது நல்லது என்ற கேள்விக்கு முன்பே, மகன் முடிவு செய்துவிட்டார். ஓட்டை என்றால் நவீனம், கத்தி என்றால் பழசு என்ற எண்ணம் நம் வீடுகளில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அடிவயிற்றுக் குடலிறக்கத்தில் கதையே வேறு.

சைக்கிள் டயரில் கிழிசல் இருந்தால் அது வழியாக டியூப் பிதுங்குமில்லையா? ஹெர்னியாவும் அதேதான். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு முறையிலும் பெரும்பாலும் அங்கே செயற்கை வலை ஒன்றை வைத்துப் பலப்படுத்துகிறோம். லிக்டன்ஸ்டைன் குழுவினர் 1989-ல் வெளியிட்ட ஓப்பன் முறையில் வலையை முன்பக்கமிருந்து வைக்கிறோம். லேப்ராஸ்கோப்பியில் உள்பக்கமிருந்து. அவ்வளவுதான்!

ஓப்பன் முறைக்கு ஒரு பெரிய சௌகரியம். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து முடித்துவிடலாம். லேப்ராஸ்கோப்பிக்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. அந்த 75 வயது அப்பாவுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதா, சொல்லுங்கள்!

லேப்ராஸ்கோப்பிக்கு நான் எதிரி இல்லை. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தாலோ, முன்பு ஓப்பனில் செய்து மறுபடி வந்திருந்தாலோ, நானே அதைத்தான் சொல்வேன். பெண்களுக்கும் அப்படித்தான். தொடைப்பக்கம் ஒளிந்திருக்கும் ஹெர்னியா அவர்களுக்கு அதிகம். உள்ளிருந்து பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

ஆனால், யார் கையில்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 14 மருத்துவமனைகளில், ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2004-ல் வெளியானது. இரண்டு வருடத்துக்குள் ஹெர்னியா திரும்ப வந்தவர்கள், ஓப்பனில் 4.9 சதவிகிதம்; லேப்ராஸ்கோப்பியில் 10.1 சதவிகிதம்! அன்றாட வேலைகளுக்குத் திரும்பியதில் லாபம் ஒரே ஒரு நாள். ஆனால், 250-க்கு மேல் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்திருந்த சர்ஜன்களிடம் அந்த 10, 5-க்கும் கீழே இறங்கியிருந்தது. ஓட்டை, கத்தியைவிடக் கைப்பழக்கம்தான் பெரிது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு புடவை வாங்க நூறு கேள்வி கேட்கிறோம். சர்ஜனிடம், "இந்த முறையில நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க? எங்கப்பாவுக்கு ஏன் இதைச் சொல்றீங்க?" என்று கேட்க மட்டும் கூச்சம். தாராளமாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொந்தரவே தராத சின்ன ஹெர்னியா என்றால், ஆண்கள் டாக்டரின் கண்காணிப்பில் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கவும் செய்யலாம். பெண்கள் தள்ளிப்போடாதீர்கள். பிதுங்கியது உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால், குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எண்ணெய் தடவி நீவுவது, அமுக்கி உள்ளே தள்ளுவது எதுவும் வேண்டாம்.