"கேட்கிறதா?" என்பது வெற்றுச் சொல் அன்று

அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், மகாராட்டிரத்தின் கல்சுபாய் உச்சியிலிருந்து ஹாம் வானொலி இயக்கி வந்ததைச் சொன்னேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் நகைத்தார்: "கைப்பேசி இருக்கையில், 'கேட்கிறதா' என்று கேட்கவா மலையேறினீர்கள்? அதில் உள்ளடக்கம்தான் என்ன?" சுற்றியிருந்தோரும் சிரித்தனர். அச்சிரிப்புக்கான மறுமொழி இது.

உள்ளடக்கம் குறைவு என்பது உண்மையே. 2002இல் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டத்தில், ஓர் உச்சிக்கான புள்ளிகளைப் பெற 4 தொடர்புகள் போதும். அழைப்புக்குறியும், குரல் எவ்வளவு தெளிவாக எட்டுகிறது என்னும் மதிப்பீடும் பரிமாறப்பட்டால் தொடர்பு நிறைவுறும். ஆனால் ரோமன் யாக்கப்சன் 1960இல் மொழியின் ஆறு பணிகளை வகுத்தபோது, தொடர்புத் தடம் திறந்திருக்கிறதா என்று சோதிப்பதைத் தனியொரு பணியாகவே வைத்தார். அதை வகுப்பில் கற்பித்துவிட்டு, மலையுச்சியில் அதைச் செய்பவரைக் கண்டு நகைப்பது எவ்வகை நேர்மை?

கைப்பேசி இருக்கிறதே என்பர். கோபுரமும் மின்சாரமும் வடமும் வீழ்ந்தால் கைப்பேசியும் வீழும். உச்சியில் நிற்பவரிடம் இருப்பவை 5 வாட் கருவி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி. வி.எச்.எஃப். கையடக்கக் கருவியின் வானொலித் தொடுவானம் சமதரையில் 5 அல்லது 6 கிலோமீட்டர்; சுற்று நிலத்தைவிட 900 மீட்டர் உயர்ந்த உச்சியிலோ ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அத்திட்ட விதிகளின்படி இறுதி ஏற்றத்தில் வாகனம் கூடாது. டீசல், பெட்ரோல் ஜெனரேட்டரும் கூடாது. எதைச் சுமப்பது, காற்றில் கம்பியை எப்படி நிறுத்துவது, இரைச்சலில் குழம்பும் 'பி'யையும் 'டி'யையும் 'பிராவோ', 'டெல்டா' என எப்படிப் பிரித்துணர்த்துவது ஆகியவை பழகினால்தான் கைவரும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அரிதாகவே ஒலிக்கும் ஓரிடத்திலிருந்து உலக நிலையங்களைத் தொடர்புகொள்வதே நோக்கம், வெறும் பொழுதுபோக்குத்தான். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, தீவுகளின் செய்திகளைப் பெருநிலத்துக்கு எடுத்துச் சென்றவர்களுள் அக்குழுவினரும் இருந்தனர்.

ஆயினும், பேரிடரில் உதவும் என்பதற்காக மட்டும் இதை மதியுங்கள் என்று நான் மன்றாடவில்லை. 'அமெச்சூர்' என்பது நேசிப்பவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நாமோ அதை வசைச்சொல்லாக்கிவிட்டோம். பயனை முன்கூட்டியே எழுதிக் காட்டாத எதற்கும் இடமில்லை என்னும் அளவுகோல் நம்மை மட்டும் விட்டுவைக்குமா? அருகிவரும் மொழியொன்றின் வினைத்திரிபுகளைப் பதிவுசெய்ய நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற அதே கேள்விதான் எழுகிறது. நம்மிடம் கேட்டால் கொதிக்கிறோம். பிறர்மீது நாமே எறியும்போது சிரிக்கிறோம்.

நாளை நிதிக்குழுவின் முன் நிற்கப்போகும் ஆய்வு மாணவர்களே, இன்று அச்சிரிப்பில் சேராதீர்கள்.