சர்க்கரை என்று சொன்னால் போதுமா?

காய்ச்சல் என்று ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், அது என்ன காய்ச்சல் என்று மருத்துவர் ஆராயத் தொடங்குகிறார். மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா என்று குருதியைச் சோதிக்கச் சொல்கிறார். காய்ச்சல் என்பது நோயின் அடையாளமே தவிர நோயின் பெயரன்று என்பதை நம் பாட்டிமார்கூட அறிவர். ஆனால், குருதியில் சர்க்கரை மிகுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் நம் ஆராய்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. “சர்க்கரை வந்துவிட்டது” என்கிறோம், மாத்திரை வாங்குகிறோம், சோற்றைக் குறைக்கிறோம். எந்தச் சர்க்கரை என்று கேட்பார் இல்லை. கேட்டே ஆகவேண்டும், அதிலும் செம்மேடு போன்ற மலையூர்களில் கட்டாயம் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் காண்போம்.

ஒரு நண்பனின் கதை

என்னோடு விடுதியில் தங்கிப் படித்த நண்பன் ஒருவன். செம்மேட்டுக்கு அப்பால், பேருந்து நின்ற இடத்திலிருந்து மேலும் ஆறு கிலோமீட்டர் நடந்து போகவேண்டிய சிற்றூர் அவனுடையது. பத்தொன்பது வயதில் அவன் எடை 41 கிலோ. சிறு வயது முதலே அவ்வப்போது மேல் வயிற்றில் வலி வரும், முதுகுவரை பரவும், குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். குடற்புண் என்று எண்ணிக் கைம்மருந்து கொடுத்து வந்தார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு தாகம் தீரவில்லை. இரவில் நான்கு முறை எழுந்து போவான். சமவெளியில் ஓரிடத்தில் காட்டினோம். குருதியில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மாத்திரை தந்தார்கள். “அரிசியைக் குறை, தினமும் நட” என்று அறிவுரையும் தந்தார்கள்.

மலையில் பிறந்தவனை நடக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். உண்பதைக் குறைத்தான். எட்டு மாதத்தில் எடை 36 கிலோவாயிற்று. விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அவன் தாயார் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, இருக்கிறதையும் தின்னாதேன்னு சொல்லிட்டாங்களே, இனிமே இவன் எதைத் தின்னு தேறுவான்?” என்று கேட்டார். விலங்கியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

விடை பின்னர் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் கிடைத்தது. அங்கிருந்த மருத்துவர் அவன் மெலிவையும் பழைய வயிற்று வலியையும் சேர்த்துப் பார்த்து, வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பின் குறுக்கே, கணையம் இருக்கும் இடத்தில், வெள்ளை வெள்ளையாகக் கற்கள்! மாத்திரையை நிறுத்தி இன்சுலின் கொடுத்தார்கள். உணவு செரிக்கக் கணைய நொதி கொடுத்தார்கள். வயிறார உண்ணச் சொன்னார்கள். அவன் தேறினான், தேர்வும் எழுதினான். அந்த எக்ஸ்ரே எடுக்க ஆன நேரம் ஐந்து நிமிடம். அதற்காக அவன் காத்திருந்த காலம் எட்டு மாதம்!

எத்தனை வகைகள்?

நீரிழிவு ஒன்றன்று. மெலிந்தவர்க்கு வருவது ஒன்று, பருத்தவர்க்கு வருவது வேறொன்று என்று சுசுருதர் காலத்திலேயே பிரித்துக் கூறியிருக்கிறார்கள். 1936இல் இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த் என்னும் மருத்துவர், இன்சுலினுக்கு இணங்கும் நீரிழிவு, எளிதில் இணங்காத நீரிழிவு என்று சோதித்தே காட்டினார். இன்று நாம் அறியும் முதல் வகை, இரண்டாம் வகை என்னும் பிரிவுக்கு அது அடிப்படையாயிற்று.

முதல் வகையில், உடலின் காவற்படையே வழி தவறி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை அழித்துவிடுகிறது. இவர்களுக்கு இன்சுலின் ஊசியே உயிர். ஊசியின்றி மாத்திரையை மட்டும் கொடுத்தால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. நீரிழிவு உடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வகையினரே. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை என்ற அறிவுரை இவர்களை நினைத்தே எழுதப்பட்டது.

இவ்விரண்டிலும் அடங்காதவர் சிலர் உண்டு. ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே நீரிழிவு தோன்றும் குடும்பங்கள் உள்ளன. இவர்களுள் சிலருக்கு விலை குறைந்த மாத்திரை ஒன்றே போதும். வகை தெரியாமையால் ஆண்டுக்கணக்கில் ஊசி குத்திக்கொண்டிருப்பார்கள். பிறந்து ஆறு மாதத்திற்குள் நீரிழிவு கண்ட குழந்தைகளுள் சிலர், மரபணுச் சோதனைக்குப் பின் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிய செய்தி சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. என் நண்பனுக்கு வந்த கணையக் கல் நீரிழிவு மற்றொரு வகை. இவை எல்லாவற்றிற்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: சர்க்கரை!

நீக்கப்பட்டுத் திரும்பிய பெயர்

ஏழை நாடுகளில் மெலிந்த இளைஞர்களைத் தாக்கும் நீரிழிவு ஒன்று உண்டு. 1955இல் ஜமைக்கா தீவில் ஹியூ-ஜோன்ஸ் என்பவர், எவ்வகையிலும் சேராத நோயாளிகள் சிலரைக் கண்டு, அத்தீவின் முதலெழுத்தையே அவர்கள் நோய்க்குப் பெயராக வைத்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ‘ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு’ என்று அதனைத் தனி வகையாக ஏற்றது. ஆனால் 1999இல் போதிய சான்று இல்லை என்று அப்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பெயர் நீங்கியது, நோயாளிகள் நீங்கினார்களா? அவர்கள் முதல் வகை என்றோ இரண்டாம் வகை என்றோ எழுதப்பட்டு, பொருந்தாத மருந்தை உண்டு வந்தார்கள்.

அந்தப் பெயரை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்த பெருமையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிகால் தாமஸ் அவர்களும், அமெரிக்காவின் மெரிடித் ஹாக்கின்ஸ் அவர்களும் குழுவினரும் தென்னிந்தியாவின் மெலிந்த ஆண்களை நுணுகி ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். இவர்களுக்கு இன்சுலின் சுரப்பே மிகக் குறைவு. ஆயினும் உடல் அதற்கு நன்கு இணங்குகிறது என்று கண்டனர். தாயின் கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் போதிய ஊட்டம் கிடைக்காமையே இதற்கு வேர் என்று கருதப்படுகிறது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ‘ஐந்தாம் வகை’ என்று ஏற்றது. உலகில் இரண்டு கோடி முதல் இரண்டரைக் கோடி பேர் வரை இவ்வகையினர் இருக்கலாம் என்பது அறிஞர் மதிப்பீடு.

இப்பெயரை ஏற்பதில் தயக்கம் காட்டும் மருத்துவ அறிஞர்களும் உளர். சிகிச்சை நெறியும் இனிமேல்தான் முழுமை பெறவேண்டும். எனினும் ஒன்று தெளிவு. இவர்களுக்கு அளவு மீறி இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். காலையில் ஊசி போட்டுக்கொண்டு கூலிக்குப் போய், மதியம் வரை ஒன்றும் உண்ணாத ஒருவர் மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து ஏறினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

மரவள்ளியின் மேல் பழி

கொல்லிமலை என்றவுடன் மரவள்ளி நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சேகோ ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியது. சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பல ஆண்டுகள் பணியாற்றியதை யாவரும் அறிவர். கேரளத்தில் கணையக் கல் நீரிழிவுடைய நோயாளிகள் பலரைக் கண்டு ஆராய்ந்த மருத்துவர் கீவர்கீஸ் காலத்திலிருந்தே, மரவள்ளியில் உள்ள நச்சுப்பொருள் கணையத்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் இருந்துவந்தது. ஆனால் மரவள்ளியே உண்ணாத ஊர்களிலும் அந்நோய் காணப்பட்டது. மரபணுவின் பங்கும் பின்னர்த் தெரியவந்தது. ஆகவே, கிழங்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. சாமைச் சோறு உடலுக்கு நல்லது. ஆனால் வகை அறியாத நோய்க்கு அதுவே மருந்தாகிவிடாது.

எவ்வாறு அறிவது?

வகையறிவதற்கு முதற்கருவி மருத்துவரின் காதுதான். நோய் வந்த வயது என்ன? எடை என்ன, குறைந்தது எவ்வளவு நாளில்? வீட்டில் எத்தனை தலைமுறைக்குச் சர்க்கரை? சிறு வயதில் வயிற்று வலி உண்டா? பிள்ளைப் பருவத்தில் உணவு எப்படி? இக்கேள்விகளுக்குக் காசு வேண்டியதில்லை.

அடுத்து, சிறுநீரில் கீட்டோன் பார்ப்பதும், வயிற்றை எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுப்பதும் எளிய சோதனைகள். உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைச் சி-பெப்டைடு சோதனை காட்டும். காவற்படை வழி தவறியதா என்பதை எதிர்ப்பொருள் சோதனை காட்டும். பிந்திய இரண்டும் பெரிய ஆய்வகங்களில்தான் நடக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையையும் எச்சரிக்கையோடு பார்க்கவேண்டும். குருதிச்சோகை உள்ளவர்களுக்கு அதன் அளவு பிழையாகக் காட்டலாம். ஒல்லியாக இருப்பவரெல்லாம் ஐந்தாம் வகை என்று முடிவு கட்டுவதும் தவறே. இரண்டாம் வகை மெலிந்தவர்க்கும் வரும். முதல் வகை நாற்பது வயதிலும் வரும். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

“மலையில் மருத்துவரைக் காண்பதே அரிது, அங்கே வகை பிரிப்பது ஆடம்பரம் அன்றோ?” என்று சிலர் கேட்கலாம். நான் மாறாக நினைக்கிறேன். நகரத்தில் மருந்து பொருந்தாவிட்டால் அடுத்த தெருவில் வேறு மருத்துவர் இருக்கிறார். செம்மேட்டுக்காரர் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கவேண்டும். ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும். துணைக்கு வருபவரும் தம் கூலியை இழக்கவேண்டும். பிழை திருத்திக்கொள்ள வாய்ப்புக் குறைந்த இடத்தில்தான் முதலிலேயே சரியாக அறிவது இன்றியமையாதது.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கி, வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. பாராட்டத்தக்க பணி. வாசலுக்கு வரும் மாத்திரை உரியவர்க்கு உரியதுதானா என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்து வரவேண்டும். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர், மிக மெலிந்தவர் ஆகியோரின் நோய்க்குறிப்பில் ‘எந்த வகை?’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். விடை தெரியவில்லையானால், ‘தெரியவில்லை’ என்றே எழுதட்டும். தெரிந்ததுபோல் எழுதுவதைவிட அது நேர்மையானது. அடுத்து வரும் மருத்துவரைத் தேடவும் வைக்கும். பெரிய ஆய்வகத்தில் செய்யவேண்டிய சோதனைக்கு நோயாளி மலையிறங்க வேண்டாம், அவர் குருதி இறங்கட்டும்! இன்சுலின் தருபவர்கள், மின்சாரக் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானையில் அதனைக் காக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லித் தரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டினியால் மெலிந்தவரைப் பார்த்து ‘குறைத்து உண்’ என்று சொல்லும் கொடுமை ஒழியட்டும்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நாம் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். இனி ஓர் எடை பார்க்கும் கருவியையும் எடுத்துச் செல்வோம். மெலிந்த உடலும் தீராத் தாகமும் உடைய ஒருவரைக் கண்டால், அவர் எடையையும் வயதையும் பழைய வலிகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். மருத்துவம் பார்ப்பது நம் வேலையன்று. கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு இன்று என்னால் விடை சொல்ல முடியும். “அம்மா, உங்கள் மகன் உண்ணலாம், வயிறார உண்ணவேண்டும். முதலில் அவனுக்கு வந்தது எந்தச் சர்க்கரை என்று கேளுங்கள்” என்பேன். அவர் எட்டு மாதம் காத்திருந்த அந்த விடை, மலையில் உள்ள மற்றத் தாய்மார்க்கு முதல் நாளிலேயே கிடைக்கவேண்டும்.