தொண்டுக்கு அன்னையர், முடிவெடுக்க யார்?



மே மாதம் பிறந்ததும் ‘என் அம்மா’ என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அம்மா சமைப்பார், துணி துவைப்பார் என எழுதுகின்றனர். அம்மா ஊருக்காகவும் உழைப்பார் என எழுதும் பிள்ளை அரிது. நாம் அவ்வாறு எண்ணக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே உண்மை.

இவ்வேளையில் ஜானகி ஆதி நாகப்பன் அவர்களை நினைவுகூர விழைகிறேன். 1925-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1943-இல் நேதாஜியின் அறைகூவலைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையின் தயக்கத்தையும் கடந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, இளவயதிலேயே தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். அப்படையில் இருந்தோருள் பலர் நம் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களே.

சயாம் இரயில்பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்து, நோயிலும் வறுமையிலும் தோட்டங்கள் தவித்த காலம் அது. 1946-இல் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவில் இணைந்து தொண்டாற்றினார். அதே ஆண்டு ஜான் திவி தலைமையில் ம.இ.கா. உருவாகவும் துணைநின்றார். இல்லறம் ஏற்றுத் தாயான பின்னரும் பொதுப்பணியைக் கைவிடவில்லை. மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. 2014 மே 9-இல் மறைந்தார். இரண்டு நாள் கழித்து அன்னையர் தினம்.

அவர் உழைத்தார், உழைத்ததோடு முடிவெடுக்கும் இடத்திலும் அமர்ந்தார். நாம் மறந்துவிட்ட பாடம் இதுதான்.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் கோயில் பணிக்கும் பள்ளிக் கூட்டுப்பணிக்கும் வந்த தாய்மார்களைக் கண்டு வளர்ந்தவள் நான். கூட்டுவதும் சமைப்பதும் அவர்கள் பங்கு. கூட்டம் நடக்கும்போதோ அவர்கள் அடுக்களையில் தேநீர் கலக்கிக்கொண்டிருப்பார்கள். இந்நிலை இன்றும் பல இடங்களில் முற்றாக மாறிவிடவில்லை.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தைத் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். கைக்குழந்தையோடு வந்தாலும் வரவேற்று அமரச் செய்யுங்கள். தலைவர், பொருளாளர் பொறுப்புகளையும் அவர்களுக்கு அளியுங்கள். அப்பொழுது நம் மாணவர் எழுதும் கட்டுரையும் தானே மாறும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.